டொங்கிளிலிருந்து ஃபைபருக்கு: வீட்டு இணைப்பைக் காக்க எந்த வழி உங்களுக்கு?

வெள்ளவத்தையில் எங்களுக்கு அடுத்த லேனில் இருக்கும் அன்ரி அண்மையில் ஃபைபர் இணைப்பு எடுத்தார். அதுவரை அவருக்கு இணையம் என்றால் சிம் போட்டு மடிக்கணினியில் செருகும் டொங்கிள்தான். வேலை முடிந்ததும் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுவார். ஃபைபர் வந்து மூன்றாம் நாள் கோல் எடுத்தார்.

"தம்பி, இந்தப் பெட்டியில லைட் எந்த நேரமும் பத்திக்கொண்டே இருக்குது. ராவில நிப்பாட்டிப்போட்டுப் படுக்கட்டோ? இதுக்குள்ளால ஆரும் வரேலுமோ?"

இதே கேள்வியைப் பலர் வேறு வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கடைக்குப் போனால் ஒருவர் புது ரவுட்டர் (இணையத்தை வீட்டுக் கருவிகளுக்குப் பகிரும் பெட்டி) வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் வருடக் கட்டணத்தில் பாதுகாப்பு மென்பொருள் போடச் சொல்கிறார். லைன் போட வந்தவர் "ஒன்றும் செய்யத் தேவையில்லை, எல்லாம் செட் பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஆட்கள் நடுவில் நின்று தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வழியையும் எடுத்து, எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

## என்ன மாறுகிறது?

டயல்-அப் காலம் நினைவிருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். மோடம் கீச்சிட்டு இரைந்து லைன் பிடிக்கும். அரை மணி நேரம் மின்னஞ்சல் பார்ப்போம். நிமிடக் கணக்கில் ரெலிபோன் பில் ஏறுகிறதே என்று அம்மா பின்னால் வந்து நிற்பார், வெட்டிவிடுவோம். அடுத்த முறை டயல் செய்யும்போது பெரும்பாலும் வேறொரு ஐபி முகவரி (இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும். டொங்கிளும் அந்தப் பழக்கத்தையே தொடர வைத்தது: தேவைக்குச் செருகு, முடிந்ததும் கழற்று.

அதற்காக டயல்-அப் பாதுகாப்பானதாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே தொற்றும் நிரல், பரவியபோது எங்கள் வீட்டுக் கணினியும் அகப்பட்டது. எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை, எதையும் தரவிறக்கவில்லை. டயல் செய்து சில நிமிடங்களில் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது, 60 விநாடியிலிருந்து இறங்கு எண்ணிக்கை ஓடியது, கணினி தானாக அணைந்து மீண்டும் எழும்பியது. திருத்தத்தைத் தரவிறக்கலாம் என்றால் அது இறங்கி முடியுமுன் மறுபடியும் 60 விநாடி. கடைசியில் நண்பர் ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து சிடியில் எழுதிக் கொண்டுவந்து தந்தார். மைக்ரோசொஃப்ட் அந்தத் திருத்தத்தை ஒரு மாதத்துக்கு முன்பே, ஜூலையில், வெளியிட்டிருந்தது. நாங்கள்தான் போடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் தீச்சுவர் இருந்தும் அது அணைந்த நிலையில்தான் வந்தது. 2004 ஓகஸ்டில் வந்த சேர்விஸ் பக் 2தான் அதை எல்லோருக்கும் இயங்கும் நிலையில் வைத்தது.

டயல்-அப்பில் எங்கள் கணினி நேரடியாக வெளியுலகைப் பார்த்து நின்றது. ஃபைபர் போன்ற புரோட்பாண்டில் நடுவே ஒரு ரவுட்டர் நிற்கிறது. வீட்டில் உள்ள கருவிகள் அனைத்தும் அதன் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஓர் இணைப்பு வந்தால், அதை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது, கைவிட்டுவிடும். பிளாஸ்டர் வந்த நாளில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் நாங்கள் தப்பியிருப்போம். அதனால்தான் இன்று வெளியிலிருந்து வருபவர்கள் கணினியை விட்டுவிட்டு அந்தப் பெட்டியையே குறிவைக்கிறார்கள். அது 24 மணி நேரமும் விழித்திருக்கிறது, அதற்குத் திரை இல்லை, நோய் வந்தாலும் முகத்தில் தெரியாது.

டொங்கிளிலிருந்து வருபவர்களிடம் இன்னொரு சுமையும் இருக்கிறது. டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயத்தில் கணினியின் அப்டேட்டுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். அன்ரியின் மடிக்கணினியில் ஒன்றரை வருட அப்டேட் தேங்கிக் கிடந்தது. அப்படிப்பட்ட கணினியை எந்த ரவுட்டருக்குப் பின்னால் வைத்தாலும், எந்த வழியைத் தெரிவு செய்தாலும், முதல் இரவே அப்டேட் ஓடவேண்டும். இரவு நேர டேட்டா தனியாகத் தரும் பக்கேஜ் என்றால் அதிலேயே முடித்துவிடலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கணினி விண்டோஸ் 11க்குப் போகக்கூடியதா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

1. வெளியிலிருந்து வருவது. இணையத்தில் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கின்றன. உங்கள் பெயர் அவற்றுக்குத் தெரியாது, தேவையும் இல்லை.
2. சுவருக்கு அப்பால். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். உங்கள் வைஃபை மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போகிறது.
3. வீட்டுக்குள் ஏற்கனவே இருப்பவை. பழைய மடிக்கணினி, ஸ்மார்ட் டிவி, வாசல் கமரா.
4. ஒரு வருடம் கழித்து யார் பார்ப்பது? எனக்கு இதுதான் மற்ற நான்கையும் விடக் கனமானது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயது போன இருவர் மட்டும் என்ற நிலை கொழும்பில் எங்கள் ஆட்களுக்குள் எவ்வளவு சாதாரணம் என்று எல்லோருக்கும் தெரியும்.
5. செலவு. பில்லில் தெரியும் காசும், தெரியாத காசும், போகும் நேரமும்.

இரண்டாவதைப் பற்றி ஒரு சொல். இணைப்பு உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகியிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் ஒரு விசாரணை வந்தால், அது முதலில் தேடி வருவது பில்லில் பெயர் உள்ளவரைத்தான். செய்தவர் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

## வழி ஒன்று: பெட்டியை வந்தபடியே விடுவது

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்பைப் பெட்டி தானாகவே தடுக்கிறது. இணைப்பு தரும் நிறுவனங்கள் பெட்டியை இயக்கும் உள்மென்பொருளைத் தூரத்திலிருந்தே புதுப்பிக்கும் வசதியும் உண்டு, நீங்கள் கை வைக்கவே தேவையில்லை. அதனால் நான்காவது அளவுகோலில் இந்த வழி ஓரளவு தேறுகிறது.

அது தோற்பது பாஸ்வேர்டில். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சில மாதிரிகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் அச்சிட்டிருக்கும். அது பரவாயில்லை. சிலவற்றில் அமைப்புப் பக்கத்துக்குள் (பெட்டியின் அமைப்புகளை மாற்றும் இடம்) நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் அந்த மாதிரி முழுவதற்கும் ஒன்றே. 2016இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுவதும் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இந்த ஒரு பலவீனத்தால்தான். அதனிடம் இருந்தது தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் சுமார் 60 ஜோடி பெயர், பாஸ்வேர்ட் கொண்ட ஒரு பட்டியல். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும், திறந்தால் உள்ளே. அதே ஆண்டு நவம்பரில் அதன் இன்னொரு வடிவம் ஜெர்மனியில் ஒரு பெரிய நிறுவனத்தின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பை விழுத்தியது. நிறுவனம் தூரத்திலிருந்து பராமரிப்பதற்காகத் திறந்து வைக்கும் வாசலைத்தான் அது தட்டியது. நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று முழுதாக விட்டுவிட முடியாததற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

மறைவான செலவு: எதுவும் நடக்கும்வரை பூச்சியம். நடந்த பிறகு என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கவே நாட்கள் போகும்.

எப்போது இதுவே சரி: ஸ்டிக்கரில் தனிப் பாஸ்வேர்ட், வீட்டில் கமரா இல்லை, அமைப்புப் பக்கத்தைத் திறக்கக்கூடிய ஒருவரும் அருகில் இல்லை. அப்போது கூட வைஃபை பாஸ்வேர்டை வருவோர் போவோருக்குச் சொல்லாமல் இருப்பது மட்டும் வேண்டும்.

## வழி இரண்டு: அதே பெட்டியில் ஒரு மணி நேரம்

அன்ரி வீட்டில் செய்தது இதைத்தான். பெட்டி சாமிப் படத்துக்குப் பக்கத்தில், டிவி அலுமாரியின் மேல் இருந்தது. கைபேசி வெளிச்சத்தில் அதைக் கவிழ்த்து ஸ்டிக்கரை வாசித்தேன். மணிகளை ஒத்த சின்ன எழுத்து, பூச்சியமா "ஓ"வா என்று தெரியாமல் இரண்டு தடவை பிழைத்தது. பிறகு உலாவியில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனேன். சில பெட்டிகளில் முகவரி வேறு, அதுவும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

முதலில் திறந்தது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். அன்ரி வீட்டில் இருப்பவை அவரது கைபேசி, மடிக்கணினி, டிவி, வாசல் கமரா. நான்கு. பட்டியலில் ஒன்பது இருந்தது. அன்ரி சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். "பிள்ளையள் கேட்டதுகள், குடுத்தனான். பாவங்கள்." வைஃபை பாஸ்வேர்டாக லைன் போட வந்தவர் வைத்துவிட்டுப் போனது வீட்டு லேண்ட்லைன் இலக்கம். பிள்ளைகள் கேட்டிருக்கக்கூடத் தேவையில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் செய்தவை, நான் முக்கியம் என்று நினைக்கும் வரிசையில்:

அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்ட் முதலில். வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். வைஃபை பாஸ்வேர்ட் வீட்டுக்குள் வர, இது வீட்டையே மாற்றிக் கட்ட. இதைப் பிடித்தவர் டிஎன்எஸ் (இணையத்தளத்தின் பெயருக்குரிய முகவரியைத் தேடித்தரும் சேவை) என்ற ஒரு வரியை மாற்றினால் போதும்: நீங்கள் வங்கியின் முகவரியைச் சரியாக அடித்தாலும் அவர் விரும்பும் கணினிக்குப் போவீர்கள். இது கற்பனை இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரல் டிஎன்எஸ்ஸை மாற்றித்தான் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் திசை திருப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐயின் விசாரணையில் அந்தக் கும்பல் பிடிபட்டது. வங்கிப் பக்கத்தில் உலாவி "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று எச்சரித்தால் ஒருநாளும் மீறிப் போகவேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது வைஃபை பாஸ்வேர்ட். சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் வரும், நினைவிலும் நிற்கும். அன்ரி சொன்ன சொற்கள் எல்லாம் சமையலறையிலிருந்து வந்தன. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கவேண்டும். டபிள்யூஈபி என்று இருந்தால் அது 2001இலேயே உடைக்கப்பட்ட பூட்டு.

பிறகு டபிள்யூபிஎஸ் அணைத்தேன். பொத்தானை அழுத்தி இணைக்கும் வசதி இது, கூடவே எட்டு இலக்க எண் ஒன்றும் வரும். எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயன்று பார்க்கவேண்டும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சி போதும். 2011 டிசம்பரில் இது வெளியானது. பாதுகாப்பில்லாத பழைய பெட்டி என்றால் பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவருக்கு ஒரு பகல் வேலை.

பிள்ளைகளுக்கு விருந்தினர் வலையமைப்பு ஒன்று தனியாகத் திறந்து கொடுத்தேன். அவர்களுக்கு இணையம் கிடைக்கும், அன்ரியின் மடிக்கணினியும் கமராவும் தெரியாது. "குடுக்காம விடவும் மனமில்லை" என்று சொல்லும் வீடுகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கடைசியாகக் கமரா. இதில்தான் அதிக நேரம் போனது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மகள் அங்கிருந்து வாசலைப் பார்க்கவேண்டும் என்று, கமரா பூட்டியவர் ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது உள்ளே வரும் வாசலை, வெளியுலகுக்குத் திறந்துவிட்டிருந்தார். கமராவின் பாஸ்வேர்டோ பெட்டியில் வந்த அதே பாஸ்வேர்ட். மகள் பார்க்கும் அதே வழியால் யாரும் பார்க்கலாம் என்ற நிலை. திறந்திருந்ததை மூடி, கமரா நிறுவனத்தின் செயலி வழியாக மகளுக்கு இணைப்புக் கொடுத்து, பாஸ்வேர்டை மாற்றி, கமராவின் உள்மென்பொருளையும் புதுப்பித்தோம். கருவிகள் தாங்களாகவே கதவு திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி என்ற அமைப்பையும் அணைத்தேன். விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அணைத்தால் சில விளையாட்டுகளில் குரல் உரையாடல் தடைப்படலாம். அப்போது வீட்டில் ஒரு வாக்குவாதம் வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

மறைவான செலவு: அமைப்புப் பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும், பெட்டிக்குப் பெட்டி மெனு வேறுபடும். தெரிந்த ஒருவர் வரவேண்டும். நிறுவனம் பெட்டியை மாற்றினாலோ முழுதாக மீளமைத்தாலோ செய்தது எல்லாம் போய்விடும். அதனால் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். தாளில் எழுதக்கூடாது என்று சொல்வார்கள். அது அலுவலகத்துக்குப் பொருந்தும். இணையத்தில் வரும் திருடனுக்கு உங்கள் அலுமாரி திறக்காது.

எப்போது இது சரி: பெட்டி புதியது, நிறுவனம் அதை இன்னும் புதுப்பிக்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்து பார்க்க ஒருவர் உண்டு. பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில் இதுதான்.

## வழி மூன்று: சொந்தமாக ஒரு ரவுட்டர்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் ஒரு மாடி ஏறினால் போதும், விதம் விதமாக வாங்கலாம். நிறுவனப் பெட்டியைக் கழற்ற முடியாது, ஃபைபர் வந்து முடிவது அதில்தான். அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரைப் போடுவீர்கள். நல்ல மாதிரி என்றால் அப்டேட் தானாக வரும், செயலியில் அமைப்பு இலகு, டபிள்யூபிஏ3 இருக்கும், பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். நிறுவனம் மாறினாலும் ரவுட்டரும் பாஸ்வேர்டுகளும் உங்களோடு வரும்.

ஆனால் இதில் மறைவான செலவு மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். முதலாவது, இரண்டு பெட்டியும் ரவுட்டராக இயங்கினால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிச் சில சேவைகள் குழம்பும். இதைத் தவிர்க்க நிறுவனப் பெட்டியை வெறும் பாலமாக மாற்றவேண்டும். அதற்கு, இணைப்பைத் தொடங்க ரவுட்டரில் கொடுக்கும் பிபிபிஓஇ பெயரும் பாஸ்வேர்டும் அவர்களிடமிருந்து பெறவேண்டி வரலாம். டிவியும் லேண்ட்லைனும் அதே பெட்டியால் வரும் வீட்டில் இந்த மாற்றத்தில் அவை நின்றுபோகவும் கூடும், கேட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும். இரண்டாவது, இணைப்பில் கோளாறு வந்து முறைப்பாடு செய்தால் "உங்கட ரவுட்டரைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ" என்பார்கள். கழற்றத் தெரிந்தவர் வீட்டில் வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் கொழும்பில் பலர் ரவுட்டருக்கென்றே குட்டி யூபிஎஸ் வாங்கினார்கள். பெட்டி இரண்டு என்றால் யூபிஎஸ்ஸும் இரண்டையும் தாங்கவேண்டும், இரண்டின் வோல்ட் அளவும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நான்காவது, ரவுட்டருக்கும் ஆயுள் உண்டு. தயாரிப்பாளர் அப்டேட் நிறுத்திய நாளிலிருந்து அது வழி ஒன்றில் சொன்ன பெட்டியாகிவிடும். வாங்குமுன் அந்த மாதிரி எந்த ஆண்டு வெளிவந்தது, கடைசி அப்டேட் எப்போது என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். கடைக்காரர் தரும் உத்தரவாதம் பெட்டி எரிந்தால் மாற்றித் தருவதற்கு மட்டும்தான்.

2018 மேயில் விபிஎன்ஃபில்டர் என்ற நிரல் 5 இலட்சம் ரவுட்டர்களுக்கு மேல் தொற்றியிருந்தது தெரிய வந்தது. அவற்றில் நிறைய, ஆட்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய பெயர் பெற்ற மாதிரிகள். வாங்குவதோடு வேலை முடிவதில்லை.

எப்போது இது சரி: வீட்டிலிருந்து அலுவலக வேலை செய்பவர், நோயாளிகளின் அல்லது வாடிக்கையாளரின் விவரங்களை வீட்டில் வைத்திருப்பவர், நிறுவனப் பெட்டி பழையதாகி மாற்றித் தர மறுக்கும் வீடு, ஒரு மூலையிலிருந்து வைஃபை எட்டாத பெரிய வீடு. இவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

## வழி நான்கு: கணினியில் காசு மென்பொருள்

விண்டோஸ் 10இலும் 11இலும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் இலவசமாகவே வருகிறது. சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பது என் நிலைப்பாடு. காசு கொடுத்து வாங்குவது கூடுதலாகச் சில வசதி தரும், ஆனால் அது காப்பது அந்தக் கணினியை மட்டும். டிவியையும் கமராவையும் ரவுட்டரையும் அது தொடாது. முதல் இரண்டு அளவுகோலிலும் இது பெரிதாக எதையும் மாற்றாது.

கட்டணம் பெரும்பாலும் டொலரில், வருடா வருடம் கார்டிலிருந்து தானாகக் கழியும். முதல் வருடம் கழிவு விலை, அடுத்த வருடம் முழு விலை. 2022இல் ரூபாய் சரிந்தபோது ஒரே மென்பொருளின் புதுப்பிப்புக்கு முந்தைய வருடத்தை விட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் திறந்து சொல்லவேண்டும். கணினி வாங்கும்போதே திருட்டு விண்டோஸும் பூட்டு உடைத்த அன்டிவைரஸும் போட்டுத் தரும் வழக்கம் எங்களுக்குள் நீண்ட காலமாக இருக்கிறது. பூட்டை உடைத்தவர் அதனுள் வேறு என்ன வைத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. அப்டேட் வந்தால் பிடிபடும் என்று அப்டேட்டையும் நிறுத்தி வைப்பார்கள். 2017 மேயில் வன்னாகிரை என்ற நிரல் உலகமெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. பிளாஸ்டர் கதை அப்படியே. உடைத்த அன்டிவைரஸை அகற்றிவிட்டு டிஃபெண்டரை விடுவது, ஒரு சதமும் செலவில்லாத முன்னேற்றம்.

எப்போது இது சரி: கொமியூனிகேஷன் கடைக்குப் பென்டிரைவ் போய்ப் போய் வரும் வீடு, கண்டதையும் தரவிறக்கும் பதின்ம வயதுப் பிள்ளை, பல கணினிகளை ஒரே கணக்கில் கவனிக்க விரும்பும் பெற்றோர். அங்கேயும் வழி இரண்டோடு சேர்த்துத்தான்.

## ஒரே பார்வையில்

| | வந்தபடியே | ஒரு மணி நேர வேலை | சொந்த ரவுட்டர் | காசு மென்பொருள் |
|---|---|---|---|---|
| வெளியிலிருந்து வருவது | பாஸ்வேர்டைப் பொறுத்தது | நன்று | மிக நன்று, அப்டேட் வரும்வரை | கணினிக்கு மட்டும் |
| சுவருக்கு அப்பால் | பலவீனம் | நன்று | நன்று | மாற்றமில்லை |
| டிவி, கமரா | காவல் இல்லை | விருந்தினர் வலையமைப்பால் பிரிக்கலாம் | நன்றாகப் பிரிக்கலாம் | காவல் இல்லை |
| ஒரு வருடம் கழித்து | நிறுவனத்தின் கையில் | யாராவது வந்து பார்க்கவேண்டும் | நீங்களே பொறுப்பு | தானாக ஓடும், கட்டணமும் ஓடும் |
| மறைவான செலவு | நடந்த பின்தான் தெரியும் | நேரம், தெரிந்த ஆள் | யூபிஎஸ், முறைப்பாட்டு அலைச்சல் | டொலர் புதுப்பிப்பு |

ஃபைபரே வேண்டாம், சிம் போடும் 4ஜி ரவுட்டரே போதும் என்று நினைப்பவர்களுக்கு: மொபைல் வலையமைப்பில் பொதுவாக நிறைய வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள், அதனால் வெளியிலிருந்து நேராக வந்து தட்டுவது கடினம். அது உண்மையான நன்மை. வைஃபை பாஸ்வேர்டும் அமைப்புப் பக்கமும் மட்டும் அங்கேயும் அதே கதைதான்.

## அன்ரியின் கேள்வி

இரவில் நிப்பாட்டலாமா? நிப்பாட்டலாம், கெடுதல் இல்லை. மிராய் போன்றவை நினைவகத்தில் மட்டும் தங்குவதால் அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் பாஸ்வேர்ட் பழையது என்றால் காலையில் போட்டுச் சில நிமிடங்களில் திரும்பவும் தொற்றலாம். அணைப்பதை ஒரு பூட்டாக நம்பவேண்டாம்.

அதோடு, ஃபைபரில் லேண்ட்லைனும் அந்தப் பெட்டியால்தான் வருகிறது. பழைய செப்புக் கம்பி ரெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, வீடு இருண்டாலும் மணி அடிக்கும். இப்போது பெட்டியை அணைத்தால் ரெலிபோனும் போய்விடும். தனியாக இருப்பவர் இரவில் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டி வந்தால் கைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான். ஸ்காபரோவிலிருந்து மகள் பார்க்கும் கமராவும் இரவில்தான் அதிகம் தேவை. இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப பத்திக்கொண்டே இருக்கட்டும்" என்றார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டுகளைத் தன் கையெழுத்தில் எழுதினார், கீழே "தைப்பொங்கல், தீபாவளி: தம்பி வந்து பாக்கிறது" என்றும் எழுதினார். பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்தார்கள். விருந்தினர் பாஸ்வேர்டை வெண்பலகையின் மூலையில் எழுதிவிட்டு அன்ரி இருபடிச் சமன்பாட்டுக்குப் போனார்.